ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்

அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவின் அறிவியல் புனைகதை நாவல். ஃபவுண்டேஷன் வரிசையில் நான்காவதாக 1982இல் டபுள்டே பதிப்பகம் வெளியிட்டது. முந்தைய மூன்று நூல்களும் பெரும்பாலும் 1942 முதல் 1950 வரை 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்ஷன்' இதழில் வந்த கதைகளின் தொகுப்பு. ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி எட்வர்ட் கிப்பன் எழுதிய வரலாறு அவற்றுக்குத் தூண்டுதல். விண்மீன் பேரரசு சரிந்தபின் வரப்போகும் 30,000 ஆண்டு இருண்ட காலத்தை, கணிதத்தின் துணையால் 1,000 ஆண்டுகளாகச் சுருக்க முனையும் ஹாரி செல்டனின் திட்டமே வரிசையின் அச்சாணி.

அந்தத் திட்டம் பாதி தூரம் கூட நடக்குமுன்பே அசிமோவ் சலித்துப்போய் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு கதைக்கும் பழையதை எல்லாம் திரும்பப் படித்து முரண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாசகர்கள் விடவில்லை, 1966இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த வரிசைக்குரிய ஹியூகோ விருதும் இதற்கே கிடைத்தது. 1981இல் டபுள்டே, வழக்கமாகத் தருவதைப்போல் பத்து மடங்காக 50,000 டாலர் முன்பணம் தந்து அவரை எழுத உட்கார வைத்தது. பழைய நூல்களை எடுத்துப் படித்தவருக்குத் திகைப்பு: எங்குமே சண்டை சாகசம் இல்லை, எல்லாம் பேச்சும் சிந்தனையும்தான். புதிய நூலையும் அப்படியே எழுதினார். 'லைட்னிங் ராட்' என அவர் வைத்த தலைப்பைப் பதிப்பகம் ஏற்கவில்லை. ஃபவுண்டேஷன் என்ற பெயர் அட்டையில் இருந்தாக வேண்டும் என்றது. வணிகக் கணக்குதான், ஆனால் தப்பவில்லை: நாவல் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் 25 வாரம் இருந்தது, 1983இல் ஹியூகோ விருதும் பெற்றது.

கதை, திட்டம் தொடங்கிச் சுமார் 500 ஆண்டுகளுக்குப் பின் நடக்கிறது. எல்லாம் பிசகின்றி நடப்பதே சந்தேகத்துக்கு இடம் என்கிறான் செல்டன் நிறுவிய முதல் ஃபவுண்டேஷனின் தலைமைக் கோளான டெர்மினஸின் நகரவை உறுப்பினன் கோலன் டிரெவைஸ், நாடு கடத்தப்படுகிறான். பூமியைத் தேடும் வரலாற்றறிஞர் பெலோரட் உடன் செல்கிறார். திட்டத்தை மறைவாகக் காக்கும் மனவலிமையாளர்களின் இரண்டாம் ஃபவுண்டேஷன் இருக்கும் டிராண்டர் கோளில், அதன் உறுப்பினன் ஜெண்டிபலுக்கும் அதே ஐயம். தடம், ஒரே மனமாக இயங்கும் கையா என்ற கோளில் முடிகிறது. முதல் ஃபவுண்டேஷனின் படைவலிமையா, இரண்டாவதின் மனவலிமையா, கையாவா என விண்மீன் மண்டலத்தின் எதிர்காலத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பு டிரெவைஸிடம் வருகிறது. அவன் கையாவைத் தேர்கிறான். நாற்பது ஆண்டுகள் வாசகர்கள் நம்பிவந்த செல்டன் திட்டம் இதனால் வெறும் இடைக்கால ஏற்பாடாகிவிடுகிறது. நாவலின் துணிச்சல் இதுதான்; பழைய வாசகர்கள் சிலரின் மனத்தாங்கலுக்கும் இதுவே காரணம்.

தன் ரோபோ கதைகளின் உலகத்தை ஃபவுண்டேஷனோடு இணைக்கும் வேலையையும் அசிமோவ் இதில் தொடங்கினார். டிரெவைஸின் பயணம் 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' (1986) நூலில் தொடர்ந்து பூமியை எட்டுகிறது. அதற்குமேல் கதையை முன்னே நகர்த்த அவர் முயலவில்லை. 1988இல் வந்ததும், 1992இல் அவர் இறந்தபின் 1993இல் வந்ததும் செல்டனின் வாழ்க்கையைச் சொல்லும் முன்கதைகள். திட்டத்தின் மீதி 500 ஆண்டுகளை அசிமோவ் எழுதவே இல்லை.