திருவனந்தபுரம் வந்த யாத்திரிகர்

காந்தளூர்ச்சாலை என்றவுடன் வலியசாலைத் தமிழராகிய நமக்கு இராசராசனின் மெய்க்கீர்த்தி நினைவுக்கு வந்துவிடும். ஆயிரமாண்டுப் பழமையைப் பேசிப் பேசி மகிழும் நாம், 1959 பிப்ரவரியில் இந்நகருக்கு வந்து சென்ற ஒருவரை ஏனோ மறந்துவிட்டோம். அவர்தாம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்.

சத்தியாக்கிரகம் தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. அங்கே அதற்காகச் சிறை புகுந்தோருள் தமிழர் மிகப் பலர். பாரத விடுதலைப் போரில் வளர்ந்து, அது மீண்டும் கடல் கடந்தது. 1955 டிசம்பரில் மான்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்து, 381 நாள் நடந்தே சென்று நிறவேற்றுமையை எதிர்த்தனர். அப்போரில் கிங் கையாண்ட வழி காந்தியடிகளின் வழியே. அக்கடனை எண்ணித்தான், துணைவியார் கொரெட்டாவுடன் அவர் இந்தியாவுக்கு யாத்திரையாக வந்தார்.

இங்கே ஒரு பள்ளிக்கு அவரை அழைத்துச் சென்றனர். மாணவர் பெரும்பாலோர் தீண்டத்தகாதோர் எனப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மையொத்த தீண்டத்தகாதவர் என்று விருந்தினரை அறிமுகம் செய்தார். கிங் திடுக்கிட்டார், சற்றே சினமும் கொண்டார். பிறகு தம் நாட்டில் 2 கோடி கறுப்பின மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, அச்சொல் உண்மையே என்று உணர்ந்தார்.

அத்தலைமையாசிரியர் சொல்லைத் தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் வைக்கத்தில் போர் தொடங்கியது இதே திருவிதாங்கூரில்தானே! அதில் கலந்துகொண்ட ஈ.வெ.ரா. பெரியார் இந்நகர் மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ஆம் நாள் பிரகடனத்தால். கிங் வந்தபோது அதற்கு 23 வயதுகூட நிரம்பவில்லை. அக்கிரகாரங்களில் வாழ்ந்த நம் முன்னோர் அப்பழைய வழக்கத்தில் பங்கில்லாதவர் என்று சொல்வதற்கில்லை. ஆகவே கிங் இங்கிருந்து கொண்டு சென்றவற்றுள் நம் விடுதலைப் போரின் பெருமையும் உண்டு. நம் தெருக்களின் சிறுமையைச் சுட்டிய சொல்லும் உண்டு. என் கருத்தில், பின்னதே அவர் நெஞ்சில் ஆழத் தைத்தது. ஆறாண்டு கழிந்து, 1965 ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திர நாளில், தம் தேவாலய மேடையில் நின்று திருவனந்தபுரத்துப் பள்ளியின் கதையையே அவர் சொன்னார்.

பள்ளியின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ அவ்வுரையில் அவர் குறிப்பிடவில்லை. அன்று அப்பள்ளியில் பயின்றோர் இன்று முதியோர். அவர்களுள் எவரையேனும் அறிந்த அன்பர்கள் சங்கத்திற்கு எழுதி உதவ வேண்டுகிறேன்.