கோலார்ச் சுரங்கமும் நியூத்திரினோவும்

1885ஆம் ஆண்டில் நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்தது. கோப்பி அழிந்த மலைகளிலே தேயிலை தழைக்கத் தொடங்கிய காலம் அது. நம் முன்னோர் கங்காணிமாரின் பின்னே மலையேறினர். அதே காலத்தில், 1880ஆம் ஆண்டு முதல், மைசூர் இராச்சியத்துக் கோலாரில் ஜோன் டெயிலர் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் பொன் தோண்டத் தொடங்கினர். அங்கே உழைக்கச் சென்றவர்களிலும் பெரும்பாலார் தமிழரே. வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளில் வறுமைக்கும் சாதிக் கொடுமைக்கும் ஆளாகிப் பிழைப்புத் தேடிப் போன ஏழை மக்கள் அவர்கள். ஒரு கூட்டம் மலையேறிற்று; மற்றொரு கூட்டம் பாதாளத்தில் இறங்கிற்று.

மலையேறியவரின் சரித்திரத்தை நம் வாலிபர் ஓரளவு அறிவர். பாதாளத்தில் இறங்கியவரின் உழைப்போ பொன்னோடு நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டுப் பௌதிகத்தின் பெரிய கேள்வி ஒன்றோடும் அது தொடர்புடையது. அந்தக் கேள்வி, புரோத்தனுக்குள் என்ன இருக்கிறது என்பதே.

நாம் பறிக்கும் கொழுந்தும், மிதிக்கும் கல்லும், நம் உடலும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே மிகச் சிறிய கரு ஒன்று உண்டென்பதை 1911இல் ரதபோர்ட் கூறினார். அக்கருவில் உள்ளவை புரோத்தன்களும் நியூத்திரன்களும். ஒரு மில்லிமீற்றரை இலட்சங்கோடி பங்கு செய்தால், அப்பங்குகளில் ஒன்று அல்லது இரண்டின் அளவே ஒரு புரோத்தனின் குறுக்களவு. எந்த நுணுக்குக்காட்டியாலும் அதைப் பார்க்க இயலாது.

பின் அதன் உள்ளமைப்பை அறிவது எவ்வாறு? இருட்டில் ஒரு தேயிலைச் செடிக்குள் கல்லெறிந்தால், இலையிற் பட்ட கல் சரசரவென்று உள்ளே போகும்; செடிக்குள் பாறை இருந்தாலோ 'டக்'கென்று திரும்பி வரும். எறிந்தது சிதறுகிற விதத்தைக் கொண்டு உள்ளே இருப்பதை ஊகிக்கலாம். 1950களில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையிலே ஹோப்ஸ்ராட்டர் என்பவர் இலத்திரன்களை எறிந்து, புரோத்தன் ஒரு புள்ளியன்று, பருமன் உடையது என்று காட்டினார். 1968ஆம் ஆண்டளவில், இன்னும் வேகமான இலத்திரன்களை எறிந்தபோது, புரோத்தனுக்குள் கடினமான சிறு மணிகள் இருப்பதன் அறிகுறி தெரிந்தது. 1964இலேயே கெல்மான், சுவைக் ஆகிய இருவரும் தனித்தனியே கணக்கிற் கூறியிருந்த 'குவார்க்கு'களே அம்மணிகள் எனப் பின்னர் உறுதியாயிற்று.

ஆயினும் இலத்திரன் மின்னேற்றத்தின் வழியாகவே உணர்கிறது. வேறொரு கண்ணாலும் பார்த்தாலன்றி உண்மை முழுவதும் விளங்காது. அந்த இரண்டாவது கண் நியூத்திரினோ.

நியூத்திரினோ என்பது மின்னேற்றம் இல்லாத, மிக நுண்ணிய துணிக்கை. அப்படி ஒன்று இருக்கவேண்டும் என்று 1930இல் பவுலி கூறினார். 1956இல் ரைன்ஸ், கோவன் என்போர் ஓர் அணு உலையின் அருகே அதனைக் கண்டறிந்தனர். சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு செக்கனும் ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 6,500 கோடி நியூத்திரினோக்கள் பாய்கின்றன. அவை நம்மையும் இப்பூமியையும் துளைத்துச் செல்கின்றன. நாம் உணர்வதில்லை. கோடானுகோடியில் ஒன்றே எங்கேனும் மோதும். எளிதில் மோதாத அந்தத் துணிக்கை, மோதுகின்றபோது புரோத்தனின் உள்ளே இருக்கும் குவார்க்கையே தொடுகிறது. அதுவே அதன் பெருமை.

இனிக் கோலாருக்கு வருவோம். வானத்திலிருந்து வரும் அண்டக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவன் என்னும் துணிக்கைகளும் நியூத்திரினோக்களும் பிறக்கின்றன. தரையின் மேல் மியூவன்களின் மழை ஓயாது பெய்வதால், அரிதாக மோதும் நியூத்திரினோவின் சுவட்டை அங்கே பிரித்தறிய முடியாது. ஆதலின் ஆழமான பாறை வேண்டும். தொழிற்சாலையில் தேயிலையைச் சல்லடை பிரிப்பதுபோலப் பாறை மியூவன்களைத் தடுத்துவிடும். நியூத்திரினோவை மட்டும் கீழே விடும். கோலார்ச் சுரங்கமோ உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று.

1951இல், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஹோமி பாபாவின் தூண்டுதலால், பி. வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞர் தம் கருவிகளுடன் அச்சுரங்கத்தில் இறங்கினார். ஆழம் கூடக்கூட மியூவன்கள் குறைவதை அளந்தார். 1960களின் தொடக்கத்தில் மிக ஆழத்தில் இரண்டு மாதங்கள் கருவி வைத்துப் பார்த்தபோது ஒரு மியூவன்கூட வரவில்லை. நியூத்திரினோவைத் தேடத் தகுந்த இடம் இதுவே எனத் துணிந்தனர். டாட்டா நிலையமும், ஜப்பானின் ஒஸாக்கா நகரச் சர்வகலாசாலையும், இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலையும் ஒன்றுகூடின. சாம்பியன் ரீப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீற்றர் ஆழத்தில் கருவிகள் அமைந்தன. நம் பீதுருதாலகாலை மலையின் உயரம் 2,524 மீற்றர். அம்மலையைத் தலைகீழாகப் புதைத்தால் எவ்வளவு ஆழமோ, ஏறக்குறைய அவ்வளவு ஆழம்.

ஒளிவிடும் பிளாஸ்ரிக் சுவர்கள் இரண்டை எதிரெதிரே நிறுத்தி, நடுவே நியோன் குழாய்களை அடுக்கினர். மேலிருந்து வரும் மியூவன் ஏறக்குறைய நேர்கீழாகவே இறங்கும். நியூத்திரினோ பாறையிலுள்ள புரோத்தனிலோ நியூத்திரனிலோ மோதிப் பிறப்பிக்கும் மியூவனோ பக்கவாட்டிலும் வரும். அவ்வாறு பக்கவாட்டில் வந்த சுவடுகளை அவர்கள் 1965இல் கண்டனர். மேனன், ஸ்ரீகண்டன், ரமணமூர்த்தி, நரசிம்மம், மியாக்கே, வொல்பென்டேல் முதலியோரின் கட்டுரை அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் ரைன்ஸ் குழுவினரும் தென்னாபிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றில் இதே உண்மையைக் கண்டனர். காற்று மண்டலத்தில் பிறந்த நியூத்திரினோவை மனிதர் முதன்முதலிற் கண்டது இவ்விரு சுரங்கங்களிலேதான்.

அக்காலத்து அறிஞரை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. நியூத்திரினோவின் சக்தி கூடக்கூட அது மோதும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகுமா, அல்லது ஓரிடத்தில் நின்றுவிடுமா? புரோத்தன் வெறும் பஞ்சுப்பொதியாயின் நின்றுவிடும். உள்ளே புள்ளிபோன்ற மணிகள் இருப்பின் கூடிக்கொண்டே போகும். 1970களில் ஜெனீவா நகரத்து ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையத்தில், கார்கமெல் என்னும் பெரிய திரவத் தொட்டிக்குள் செயற்கை நியூத்திரினோக்களைப் பாய்ச்சி இதற்கு விடை கண்டனர். கூடிக்கொண்டே போயிற்று! இலத்திரன் கண்டதையும் நியூத்திரினோ கண்டதையும் ஒப்பிட்டபோது, குவார்க்குகளின் மின்னேற்றம் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்னும் பின்னங்களே எனத் தெளிவாயிற்று. புரோத்தனின் உந்தத்திற் பாதியை மட்டுமே குவார்க்குகள் சுமக்கின்றன. மறுபாதி அவற்றைப் பிணைக்கும் குளுவோன்களுடையது என்பதும் புலனாயிற்று.

இவ்வாராய்ச்சி இன்றும் முடியவில்லை. அமெரிக்காவின் பேர்மி ஆய்வுகூடத்தில் மினேர்வா என்னும் குழுவினர், பிளாஸ்ரிக்கில் உள்ள ஐதரசனின் புரோத்தன்களில் எதிர்நியூத்திரினோக்கள் மோதிய ஏறத்தாழ 5,000 நிகழ்ச்சிகளைப் பிரித்தெடுத்து, அவற்றால் புரோத்தனின் பருமனை அளந்து 2023இல் வெளியிட்டனர். அக்குழுவில் இந்தியாவின் அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலையாரும் இருந்தனர்.

கோலாரின் கதி வேறு. 1980இல் அங்கே 140 தொன் இரும்பு அடுக்கிப் புரோத்தன் அழியுமா என்று தேடினர். சுரங்கம் நட்டமடைந்தது, 1990களின் தொடக்கத்தில் ஆய்வு நின்றது, 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துப் போடி மலைகளைக் குடைந்து நியூத்திரினோ ஆய்வுகூடம் அமைக்க 2015இல் இந்திய அரசு அனுமதி அளித்தது. காட்டுக்கும் நீருக்கும் கேடு வருமென்று மக்கள் அஞ்சினர். தமிழ்நாட்டு அரசும் 2022இல் உயர் நீதிமன்றத்துக்கும் மேலான டில்லி உச்ச நீதிமன்றத்தில் அதனை எதிர்த்தது. மலையையும் ஊற்றையும் நம்பி வாழும் நாம் அவ்வச்சத்தை எள்ளி நகையாடல் ஆகாது. அதற்குப் பொறுமையாக விடை கூறத்தக்க கல்வி வேண்டும் என்பதே பாடம்.

இக்கட்டுரையின் நோக்கம் இரண்டு. கோலாரின் ஆழம் தானாக உண்டானதன்று. வெக்கையிலும் தூசியிலும் மூச்சுத் திணறி, பாறை வெடிப்புகளிற் பலரை இழந்து, தமிழ்த் தொழிலாளர் தோண்டிய ஆழம் அது. விஞ்ஞானிகளின் பெயர்கள் அச்சேறின; தோண்டியவர் பெயர் எதுவும் ஏறவில்லை. தேயிலைப் பெட்டியின்மேல் கொழுந்து பறித்தவள் பெயர் எழுதப்படாதது போலவே இதுவும். அவர்களை நாமாவது நினைப்போம்.

மற்றொன்று வாலிபருக்கு. ஔவையார் அணுவைப் பாடினார் என்று மேடைகளில் மகிழ்கிறோம். மகிழலாம். ஆனால் உவமை வேறு, அளந்தறிதல் வேறு. முன்னோர் பாடினர் என்று நாம் அமர்ந்திருந்தால், அளப்பவர் எப்பொழுதும் பிறராகவே இருப்பர். தோட்டப் பகுதிகளில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் இன்றும் குறைவு. நம் சங்க மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் ஒரு வகுப்பு நடத்தினால் என்ன? பெரியோர் இடமும் விளக்கும் தரட்டும். படித்த வாலிபர் நேரம் தரட்டும். தோண்டியவரின் பேரப்பிள்ளைகள் அளக்கவும் கற்றுக்கொள்ளும் நாளே அவ்வுழைப்புக்கு நாம் செலுத்தும் வணக்கம்.