படகில் ஓர் அடுப்பு: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

வீட்டில் அடுப்பு கெட்டுப்போனால் ஒன்று ரிப்பேர் கடைக்குப் போவோம், இல்லையென்றால் புதிதாக வாங்கிவிடுவோம். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் வீடே 7 அடி அகலப் படகாக இருந்து, சமையல், குளிர்காயல், ஈரத்துணி காயவைப்பது எல்லாமே அந்த ஒரே அடுப்பை நம்பி நடந்தால் கணக்கு மாறிவிடும். இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1761-ல் வோர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக பிரிட்ஜ்வாட்டர் பிரபு ஒரு கால்வாய் வெட்டினார். அது லாபம் கொழிக்கவே நாடு முழுக்கக் கால்வாய்ப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் திட்டமிட்டு, அவர் இறந்தபின் 1777-ல் முடிந்த ட்ரென்ட் - மெர்சி கால்வாயின் பெரும்பகுதியில் லாக் (படகை மேலேற்றவும் கீழிறக்கவும் உதவும் இரட்டைக் கதவுத் தொட்டி) வெறும் 7 அடி அகலம்தான். செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு! அதனால் படகும் 7 அடிக்குள், சுமார் 70 அடி நீளத்தில் ஒரு பென்சில் மாதிரி ஆகிவிட்டது. அந்த நீளத்தில் பெரும்பகுதி சரக்குக்கு. மனிதர்களுக்குக் கிடைத்தது பின்பக்கம் சுமார் 10 அடி அறை.

1830-ல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த 20 வருடங்களில் ரயில்பாதை எங்கும் பரவ, கால்வாய்க் கூலி சரிந்தது. கரையில் வாடகை வீடு, படகில் வேலையாள் சம்பளம் இரண்டையும் தாங்க முடியாத படகோட்டிகள் பலர் மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். அதற்கு முன்பும் குடும்பப் படகுகள் உண்டு. அதன்பின் அது பெருவழக்கானது.

இப்போது அடுப்பின் முக்கியத்துவம் புரியும். பின்பக்கக் கதவு வழியாக உள்ளே இறங்கினால் இடது கைப்பக்கம் அடுப்பு. இறங்கக் கால் வைக்கும் படியே நிலக்கரிப் பெட்டி! அடுப்பை அடுத்த அலமாரியின் கதவைக் கீழே மடக்கினால் சாப்பாட்டு மேசை. அதற்கும் அப்பால் குறுக்காக விரிக்கும் கட்டில். அடுப்பில் ஒரு சின்ன அவனும் இருக்கும். கிராஃபைட் பாலிஷ் போட்டுக் கன்னங்கரேலென்று தேய்த்து, சுற்றிலும் பித்தளைக் கம்பிகளைப் பளபளப்பாக வைத்திருப்பது குடும்பத்தின் கௌரவம். தாழ்வான பாலம் வந்தால் கூரைக்கு மேலே நிற்கும் புகைபோக்கியைக் கழற்றி எடுத்துவிடலாம். இத்தனை நெருக்கத்தில் எத்தனை பேர் வாழலாம் என்பதற்கே 1877-ல் சட்டம் வந்தது. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஓயாமல் போராடிக் கொண்டுவந்த சட்டம் அது.

அப்படிப்பட்ட அறையில் அடுப்பு வெடிப்பு விட்டால்? கம்பெனிப் படகை ஓட்டுபவருக்குக் கூலி பெரும்பாலும் டன் கணக்கில், நடைக்கு இவ்வளவு என்று. படகு நிற்கும் நாளில் வருமானம் இல்லை. சொந்தப் படகு வைத்திருப்பவருக்கு ('நம்பர் ஒன்' என்பது அவர்களுக்குப் பெயர்) கூலியும் போகும், ரிப்பேர் செலவும் தலையில் விழும். ஆக, எது மலிவு என்பதைவிட எது சீக்கிரம் முடியும் என்பதே பெரிய கேள்வியாக இருந்திருக்கும்.

சீக்கிரம் முடிக்க வழியும் இருந்தது. இந்த அடுப்புகள் வார்ப்பிரும்புப் பலகைகளைப் போல்ட் போட்டு இணைத்து, இடுக்குகளில் வெப்பம் தாங்கும் சிமெண்ட் பூசிச் செய்தவை. ஒரு பலகை போனால் அதை மட்டும் மாற்றலாம். வார்ப்பிரும்பு நன்றாகச் சூடு தாங்கும். ஆனால் கண்ணாடி மாதிரி சட்டென்று விரிசல் விடும், வெல்டிங்குக்கும் எளிதில் மசியாது. எனவே மாற்றுப் பலகை கிடைக்கிறவரைதான் அடுப்புக்கு ஆயுள்.

அந்தப் பலகைகளை வார்க்கும் தொழிலில் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் வட்டாரம் பேர் போனது. 1759-ல் தொடங்கிய கேரன் இரும்பாலை அங்கேதான் இருந்தது. 200 வருடங்களுக்கு மேல் ஓடிய அந்தக் கம்பெனி 1982-ல் திவாலானது. இப்படி ஒரு ஃபவுண்டரி மூடும்போது வெறும் வேலை மட்டும் போவதில்லை. மரத்தில் செதுக்கிய பேட்டர்ன்களும் சிதறிப்போகும். பேட்டர்ன் இல்லையென்றால் ஸ்பேர் பார்ட் இல்லை.

உடைந்த பலகையையே மணலில் அழுத்தி அச்செடுத்து இன்னொன்று வார்த்தால் என்ன? வார்க்கலாம். ஆனால் வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். பேட்டர்ன் செய்பவர்கள் இதைக் கணக்கிட்டுக் கொஞ்சம் பெரிதாகவே செதுக்குவார்கள். பழைய பலகை ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது. அதிலிருந்து எடுத்த நகல் இன்னொருமுறை சுருங்கும். 18 அங்குலப் பலகையில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் குறைந்தால் போல்ட் துளை எப்படிப் பொருந்தும்? பலகையைச் சுற்றி எதையாவது ஒட்டிப் பெரிதாக்கித்தான் அச்செடுக்க வேண்டும். அதற்கான கூலியில் புது அடுப்பே வாங்கிவிடலாம் என்ற நிலையும் வரலாம்.

இதற்கிடையே படகுகளின் வேலையே மாறிவிட்டது. 1948-ல் பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமை ஆயின. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன; ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த சரக்குத் தொழிலுக்கு அது கடைசி அடி. சவுத்ஹாலில் இருந்த ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன நடை 1970-ல் நின்றதோடு, நீண்டதூரக் குறும்படகுச் சரக்கு அநேகமாக முடிந்தது. இன்று கால்வாய்களில் மிதப்பவை பெரும்பாலும் உல்லாசப் படகுகளும் மிதக்கும் வீடுகளும்தான். அவற்றில் பிரபலமான ஒரு கணப்பு டென்மார்க்கின் மோர்ஸோ கம்பெனி (1853-ல் தொடங்கியது) செய்யும் 'ஸ்குவிரல்'. பக்கவாட்டில் அணில் உருவம் பதித்த குட்டி வார்ப்பிரும்பு அடுப்பு. ஸ்பேர் பார்ட்ஸ் கிடைப்பதும் அது நிலைத்ததற்கு ஒரு காரணம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்று பிரிப்போமே, அடுப்பும் அப்படியே பிரிந்துவிடுகிறது. உள்ளே பதித்த வெப்பம் தாங்கும் செங்கல், கரி கிடக்கும் கம்பித் தட்டு, நெருப்புக்கு மேலே குறுக்காக இருக்கும் தகடு, கதவைச் சுற்றிய இழைக்கயிறு, கதவுக் கண்ணாடி - இவை தேய்வதற்கென்றே பிறந்தவை. இவற்றுக்காக அடுப்பைத் தூக்கிப் போடுவது டயர் தேய்ந்ததற்கு வண்டியை விற்பது போல! சாம்பலை அள்ளாமல் விட்டாலே தட்டு வளைந்துவிடும். அடியில் சாம்பல் குவிந்தால் தட்டைக் குளிரவைக்கும் காற்று வராது, அவ்வளவுதான்.

உடம்பில் விரிசல் என்றால் கதை வேறு. விரிசல் வழியே கசிவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மிகச் சிறிய அறையில் இதற்குப் பெரிய விரிசல்கூட வேண்டாம். அதனால்தான் படகுப் பாதுகாப்பு விதிகளின்படி தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரலில் கட்டாயமானது. பழைய ஆட்கள் செய்யும் ஒரு சோதனை உண்டு: அடுப்பு ஆறியபின் இருட்டில் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து, கதவை மூடிவிட்டு, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது. இணைப்புகளில் வெளிச்சம் தெரிந்தால் கழற்றிப் புதிதாகச் சிமெண்ட் பூசிப் பூட்டலாம். பலகைக்கு நடுவே தெரிந்தால் பலகையை மாற்ற வேண்டும். பலகை கிடைக்காவிட்டால் மறுபேச்சே இல்லை, அடுப்பை மாற்றத்தான் வேண்டும். பணம் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

ஆனால் புதிது வாங்கும்போதும் விலைச்சீட்டில் இல்லாத செலவுகள் காத்திருக்கின்றன. புது அடுப்பின் புகைக்குழாய் வாய் பழைய இடத்தில் இருக்காது. இரும்புக் கூரையில் ஓட்டையை அடைத்து வேறு ஓட்டை போட வேண்டும். அடியிலுள்ள கல்தளம், பின்னாலுள்ள வெப்பத்தடுப்பு, சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளி எல்லாம் மறுபடி முதலிலிருந்து. தண்ணீர் சூடாக்கும் பாய்லர் இணைந்த அடுப்பென்றால் குழாய் வேலையும் சேரும்.

இதில் எரிபொருளும் மூக்கை நுழைத்தது. காற்று மாசைக் குறைக்க, இங்கிலாந்தில் வீட்டு நிலக்கரியை மூட்டையில் விற்பது 2021 மே மாதத்திலும், மூட்டையில்லாமல் விற்பது 2023 மே மாதத்திலும் தடையானது. ஆந்த்ரசைட்டும் புகையில்லாக் கரிக்கட்டிகளும் உண்டு. ஆனால் அவனைச் சுற்றி நீளமாக நாக்கு நீட்டி எரியும் நிலக்கரிச் சுவாலைக்குப் பழகியவை அந்தப் பழைய சமையல் அடுப்புகள். கட்டிக் கரி சுவாலை குறைவாக, தட்டின் மேலேயே கனன்று எரியும். சூட்டை எல்லாம் கம்பித் தட்டுதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இருந்தும் பழைய சரக்குப் படகுகளை மீட்டெடுப்பவர்களில் பலர் புது அடுப்பு வைக்க மனம் வராமல், தனியாகப் பலகை வார்க்கக் காசைக் கொட்டுகிறார்கள். லாப நஷ்டக் கணக்குப்படி அது நஷ்டம்தான். ஆனால் அந்த 10 அடி அறையில் படி, மேசை, கட்டில் எல்லாமே அந்த அடுப்பின் அளவை வைத்துத்தான் அமைந்திருக்கின்றன. அடுப்பை எடுத்தால் அலமாரியையும் இடிக்க வேண்டியிருக்கும்.