அம்மைப்பாலில் இருந்து கொரோனா ஊசி வரை

இந்த முறை கொஞ்சம் வரலாறு பேசலாம். கொஞ்சம் நம்ம ஊர்க்கதையும்தான்.

2021 ஜனவரி 16-ல் இந்தியாவில் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. முதல் சில மாதங்கள் தமிழ்நாட்டில் ஊசி இருந்தது, போட்டுக்கொள்ளத்தான் பலருக்குத் தயக்கம். ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி காலமானார். ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு முடிவு சொன்னபோது அக்டோபர் வந்துவிட்டது. வதந்தி அதுவரை காத்திருக்குமா?

அப்போது படித்தவர்கள் பலர் சொன்னது ஒன்றுதான்: "நம்ம ஜனங்களுக்கு மூடநம்பிக்கை. திருத்தவே முடியாது." இது உண்மையா என்று பார்க்க 200 வருடம் பின்னால் போக வேண்டும். அதற்குத் திருச்சியை விடப் பொருத்தமான ஊர் இல்லை.

ஏன் திருச்சி? ஸ்ரீரங்கத்தில் இருந்து கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் சமயபுரம். பெரியம்மையை நம் மக்கள் வெறும் நோயாகப் பார்க்கவில்லை. "அம்மை போட்டிருக்கு", "தாய் வந்திருக்கா" என்றுதான் சொல்வார்கள். பக்தர்கள் நலனுக்காக மாசி, பங்குனியில் அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது சமயபுரத்து நம்பிக்கை. தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரைக்கு வரும் அவளுக்கு, தங்கை என்ற முறையில் ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலில் இருந்து சீர் போகிறது. அப்படி உறவு முறை கொண்டாடும் தெய்வம் வீட்டுக்கு வந்தால் விரட்டுவார்களா? வாசலில் வேப்பிலை செருகுவார்கள், தாளிக்க மாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாட்களை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். யோசித்தால் இதிலேயே ஒரு தனிமைப்படுத்தல் இருக்கிறது இல்லையா?

இந்தச் சூழலில்தான் தடுப்பூசி வந்தது. 1796-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். 1802 ஜூன் 14-ல் பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற 3 வயதுக் குழந்தைக்கு முதலில் பலித்தது. அதே வருடம் சென்னைக்கும் வந்தது. வங்காளத்திலும் ஒரிசாவிலும் அம்மைக் கொப்புளத்து நீரையே எடுத்துக் குத்திக்கொள்ளும் பழைய வழக்கம் இருந்தது. தமிழ்நாட்டில் அது அரிது. ஆகவே இங்கே இது முழுக்கப் புதிய சங்கதி.

ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் மருந்தை எப்படிக் கொண்டுபோனார்கள் தெரியுமா? குழந்தைகளின் கையில்! ஒரு குழந்தைக்குக் குத்துவார்கள். சுமார் 8 நாளில் கொப்புளம் பழுக்கும். அதைக் கீறி, அந்த நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். இதற்கு அம்மைப்பால் என்று பெயர். தன் பிள்ளையின் புண்ணைக் கீற எந்தத் தாய் சம்மதிப்பாள்? யாரோ ஒருவர் உடம்பு நீரை என் பிள்ளைக்கா என்று சாதி பார்த்து மறுத்தவர்கள் உண்டு. வேறு நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தவர்களும் உண்டு. பின்னது வெறும் பயம் இல்லை. 1861-ல் இத்தாலியின் ரிவால்டா என்ற ஊரில் இதே முறையால் குழந்தைகளுக்கு மேகநோய் பரவியது. போதாததற்கு, நம் வெயிலில் மருந்து வீரியம் இழந்துவிடும். குத்திக்கொண்டவருக்கே அம்மை வந்தால் ஊர் எப்படி நம்பும்?

இங்கேதான் ஒரு சுவாரசியமான ஆள் வருகிறார். எஃப்.டபிள்யூ. எல்லிஸ், சென்னை கலெக்டர், திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர். மக்களைச் சம்மதிக்க வைக்க, பசு அம்மை தெய்வம் தந்த வரம் என்பது போல ஒரு புராணக் கதையையே எழுதினார்! 1819-ல் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில், "கல்வி விரும்பன்" என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. பழைய சாஸ்திரத்திலேயே அம்மை குத்துவது இருக்கிறது என்றது. அதுவும் அவர் கைவரிசையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குற்றமற்ற நன்மை தரும் பொய் உண்மைக்குச் சமம் என்ற கருத்து குறளிலேயே உண்டு. அதைப் படித்த தைரியமோ என்னவோ! :-) ஆனால் பொய்க்கு ஆயுசு அதிகம். "தடுப்பூசியை ஜென்னருக்கு முன்பே நாம்தான் கண்டுபிடித்தோம்" என்ற பேச்சு இன்றும் சுற்றுகிறது.

சரி, கடைசியில் எது மாற்றியது? மருந்து மாறியது. கைக்குக் கை மாற்றுவது போய், கன்றுக்குட்டியில் இருந்து எடுத்த மருந்து வந்தது. அதைத் தயாரிக்கவே 1899-ல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கினார்கள். பிறகு வெயில் தாங்கும் உலர்த்திய மருந்து வந்தது. 1962-ல் நாடு முழுக்க ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. போட்டால் வராது என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். 1975-ல் இந்தியாவின் கடைசி நோயாளி, 1980-ல் உலகமே விடுதலை. தாத்தா, பாட்டி கையில் வட்டத் தழும்பு இருந்தால் பாருங்கள், அதுதான் இந்தக் கதையின் முத்திரை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரியம்மை போனது, சமயபுரத்தில் கூட்டம் குறையவில்லை. ஊசியும் போட்டுக்கொண்டார்கள், தீச்சட்டியும் எடுத்தார்கள். சாமியா ஊசியா என்று மக்கள் போட்டி வைக்கவே இல்லை. வைத்தது வெளியே நின்று பார்த்தவர்கள்தான்.

2021-க்குத் திரும்புவோம். மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வரும் முன்பே கோவேக்சினுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதைக் கேள்வி கேட்டவர்களில் டாக்டர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் மூடநம்பிக்கையா? மே மாதம் இரண்டாம் அலை உச்சத்துக்கு வந்ததும் தயங்கியவர்களே வரிசையில் நின்றார்கள். இப்போது ஊசிதான் போதவில்லை. செப்டம்பர் 12 மெகா முகாமில் தமிழ்நாட்டின் இலக்கு 20 லட்சம். போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல். நாலு மாதத்தில் ஜனங்களின் அறிவா வளர்ந்துவிட்டது? ஊசி வீட்டுப் பக்கத்தில் வந்தது, போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் நன்றாக இருந்தார். அவ்வளவுதான்.

அடுத்து ஒரு தொற்று வரும், ஊசியும் வரும், தயங்குபவர்களும் இருப்பார்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன்னால் "எதற்குப் பயப்படுறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கலாமே. 1802-ல் அந்தத் தாய்மாரைக் கேட்டிருந்தால், பிள்ளையின் கையைக் காட்டியிருப்பார்கள்.