தென்கேரளத்தை வாட்டிய இதய நோய்: திசுக்களில் காரணம் தேடிய நோயியல் ஆய்வு

நோயாளிகள் பெரும்பாலும் நேரில் காணாத மருத்துவர், நோயியல் நிபுணர். அறுவை அரங்கிலிருந்து வரும் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து நோய் இன்னதென உறுதிசெய்வதே அவரது பணி. எம்பிபிஎஸ் படிப்பில் நான்கரை ஆண்டுகளும் பயிற்சி மருத்துவராக ஓராண்டும் முடித்த பின், நோயியலில் எம்.டி. பட்டம் பெற மேலும் மூன்று ஆண்டுகள் பயில வேண்டும். இத்துறையினரின் பணி ஆய்வாகவும் விரியும் என்பதற்குத் தென்கேரளம் ஒரு சான்று.

கடந்த நூற்றாண்டில் கேரளத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுவர்களையும் இளைஞர்களையும் 'எண்டோமையோகார்டியல் ஃபைப்ரோசிஸ்' என்ற இதய நோய் தாக்கியது. இதய அறைகளின் உட்சுவர் தழும்பேறித் தடித்து இறுகுவதால் அவற்றில் போதிய இரத்தம் நிரம்பாது. மூச்சுத்திணறலும் வயிற்றில் நீர்க்கோவையும் ஏற்படும். உகாண்டாவின் கம்பாலாவில் பணியாற்றிய நோயியல் நிபுணர் டேவிஸ் 1948-இல் இந்நோயை விவரித்தார்.

திருவனந்தபுரத்தில் 1976-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், 1980-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அங்கு அறுவை சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் இறுகிய உட்சுவரை அகற்றும் அறுவையை மேற்கொண்டார். நோயியல் நிபுணர் சி.சி. கர்த்தா உள்ளிட்டோருடன் இணைந்து நோயின் காரணத்தையும் ஆராய்ந்தார்.

கொல்லம் மாவட்டத்தின் சவறை முதல் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி வரை கடற்கரையில் மோனசைட் மணல் காணப்படுகிறது. அதில் தோரியமும் சீரியமும் உள்ளன. இவ்விரு இடங்களுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியே நெய்யாற்றின்கரையும் பாறசாலையும். 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் இங்கு தமிழும் மலையாளமும் ஒருங்கே ஒலிக்கின்றன. மரச்சீனி எனப்படும் மரவள்ளிக்கிழங்கு இவ்வட்டார ஏழைகளின் முக்கிய உணவாக இருந்தது.

நோயுற்ற இதயத் திசுக்களில் சீரியம் கூடுதலாகவும் மக்னீசியம் குறைவாகவும் இருப்பதை ஆய்வுக் குழுவினர் கண்டறிந்தனர். மண்ணிலிருந்து கிழங்கு வழியே உடலில் சேரும் சீரியமும், சத்துக்குறைவால் நேரும் மக்னீசியப் பற்றாக்குறையும் இணைந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பது அவர்களது கருத்து. 'கார்டியோவாஸ்குலர் ரிசர்ச்' ஆய்விதழில் 1986-இல் இது வெளியானது. மக்னீசியம் குறைந்த எலிகளுக்குச் சீரியம் கலந்த உணவளித்தும் இக்கருத்து சோதிக்கப்பட்டது.

இக்கருத்து இறுதியாக நிறுவப்படவில்லை. ஒட்டுண்ணித் தொற்று, இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்களின் பெருக்கம் ஆகியவையும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. எனினும், நோய் ஏழைகளையே மிகுதியும் தாக்குவது ஏன் என்ற கேள்விக்கு மண்ணிலும் உணவிலும் விடை தேட வேண்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

அண்மைப் பத்தாண்டுகளில் கேரளத்தில் இந்நோய் வெகுவாகக் குறைந்துள்ளது. ஊட்டச்சத்தும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டதே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.