டெனிஸ் கியர்னி: அடிபட்டவனின் அரசியல்

‘அடிபட்டவனுக்குத்தான் அடுத்தவன் வலி தெரியும்’ என்று நம் கூட்டங்களில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். டெனிஸ் கியர்னியின் வாழ்க்கையைப் படித்தபிறகு அதைச் சொல்ல வாய் வர மாட்டேங்குது.

கியர்னி 1847இல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் பிறந்தவர். உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் கொடிய வருஷம் அது. அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். சிறுவயதிலேயே கப்பல் வேலைக்குப் போன கியர்னி, 1868இல் சான் பிரான்சிஸ்கோ வந்து, பிறகு சரக்குவண்டித் தொழில் நடத்தினார்.

1877இல் வேலையில்லாத் திண்டாட்டம். கலிபோர்னியா உழைப்பாளர் கட்சியின் தலைவரானார் கியர்னி. நகரமன்றத்துக்குப் பக்கத்து மணல்திடல்தான் மேடை. ரயில்வே முதலாளிகளைக் கிழிகிழியென்று கிழிப்பார். ஆனால் எந்தப் பேச்சும் ஒரே கோஷத்தில்தான் முடியும்: ‘சீனர்கள் போயாக வேண்டும்!’

கவனிக்க வேண்டியது இங்கேதான். மலைகளைக் குடைந்து அந்த முதலாளிகளின் இருப்புப்பாதையைப் போட்டவர்களே சீனத் தொழிலாளர்கள். முதலாளிக்கு எதிரான சொல்லாடல், அவனிடம் குறைந்த கூலிக்கு உழைத்தவனையே ‘மற்றவ’னாகக் கட்டமைத்தது. ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குள் வெள்ளைத்தோல் சத்தமில்லாமல் புகுந்துகொண்டது. கிழக்குக்கரை நகரங்களில் இழிவாகப் பார்க்கப்பட்ட கத்தோலிக்க அயர்லாந்துக்காரன், இங்கே சீனனை விலக்கி ‘வெள்ளைய’னானான்.

1878இல் கூடிய மாநில அரசியல் சாசன அவையின் 152 பேரில் 51 பேர் இக்கட்சியினர். 1879 சாசனம், கம்பெனிகள் சீனரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. அந்த விதியை 1880இல் நீதிமன்றம் செல்லாதென்றது. ஆனால் 1882இல் அமெரிக்க நாடாளுமன்றமே சீனத் தொழிலாளர் வருகைக்குத் தடை போட்டது. சீனர் விலக்குச் சட்டங்கள் 1943வரை நீடித்தன. ரயில்வேயைக் கட்டுப்படுத்த அதே சாசனம் அமைத்த ஆணையமோ ரயில்வேயின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. யார் மேல் அடி விழுந்தது, யார் தப்பினார்கள்? இதுதான் அந்த மேடையின் கணக்கு.

கட்சி சீக்கிரமே சிதறியது. கியர்னி பிற்காலத்தில் வசதியாக வாழ்ந்து, 1907இல் இறந்தார்.

இனவெறியன் என்று சொல்லி அவரை ஒதுக்கிவிடலாம், நமக்கும் நிம்மதி. ஆனால் பஞ்சம் பொய்யா? அந்தத் திடலில் கூடிய வேலையற்றவர்களின் பசிதான் பொய்யா? எல்லாம் நிஜம். வலி தானாக யாரையும் தோழனாக்குவதில்லை என்பதும் அதேயளவு நிஜம். அதை யார்மேல் திருப்புகிறோம் என்பதில்தான் அரசியல் தொடங்குகிறது. மேடையேறி ‘நாம்’ என்கிறபோது, யாரை வெளியே நிறுத்திவிட்டு அதைச் சொல்கிறோம்?