நன்னாரியும் பன்னீரும் பனிக்கட்டியும்: காவிரிப் படுகைக்கு வந்த குளிர்ச்சியின் வரலாறு

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறைவு என்பதால், ரமழான் ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1986ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் அது மே மாதத்தில் வந்தது. தஞ்சைப் பகுதியில் மே மாதம் என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது முதல், ஜனவரி 28இல் நீரை நிறுத்தி ஜூன் 12இல் திறப்பது மரபாகிவிட்டது. ஆகவே கோடையில் வெண்ணாறும் வெட்டாறும் மணலாய்க் கிடக்கும். அறுவடை முடிந்த வயல்கள் வெடித்து வாய் பிளந்திருக்கும். அந்த மாதங்களில் நோன்பு திறக்கும் வேளையில் நம் வீடுகளில் பேரீச்சம்பழத்துக்கும் கஞ்சிக்கும் பக்கத்தில் வைக்கப்படும் குளிர்ந்த கோப்பைக்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு.

இன்றைய பிள்ளைகள் அந்தக் கோப்பையை 'ஃப்ளோட்' என்கிறார்கள். சோடாவை ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி ஐஸ்கிரீமை மிதக்கவிட்டு உண்பது. அதையே குச்சி செருகி உறைய வைத்துக் கடிப்பது. 'இது அமெரிக்காக்காரன் பண்டம், நமக்கு எதற்கு?' என்று பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். 'இதையும் முஸ்லிம்கள்தாம் கண்டுபிடித்தார்கள்' என்று வேறு சிலர் கைப்பேசியில் செய்தி பரப்புகிறார்கள். இரண்டுமே சரியல்ல என்பது நம் கருத்து. வரலாற்றைச் சொல்வதும் ஓர் அமானிதம்தான். பெருமைக்காக அதில் ஒரு சொல்லைக்கூட மிகுத்துச் சொல்லும் உரிமை நமக்கில்லை.

முதலில் அமெரிக்காவுக்கு உரியதை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிடுவோம். நீரில் காற்றைக் கரைக்கும் முறையை 1767இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்தார். உப்பும் பனிக்கட்டியும் நிரப்பிய மரவாளியில் கைப்பிடி சுழற்றி ஐஸ்கிரீம் கடையும் பொறிக்கு 1843இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் காப்புரிமை பெற்றார். அதே ஊரில் 1874இல் நடந்த ஒரு கண்காட்சியில் ராபர்ட் கிரீன் என்பவர் சோடாவில் ஐஸ்கிரீமைச் சேர்த்து விற்றார். அந்தப் பெருமைக்கு வேறு பலரும் உரிமை கொண்டாடினார்கள் என்பது தனிக்கதை. மறுபடியும் அதே பிலடெல்பியாவில், 1876இல், சார்லஸ் ஹையர்ஸ் தம் 'ரூட் பீர்' பானத்தை உலகக் கண்காட்சியில் வைத்தார். பிற்காலத்தில் அதன்மேல் ஐஸ்கிரீம் மிதக்கவிடப்பட்டபோது இன்று நாம் அறியும் ஃப்ளோட் உருவாயிற்று.

ரூட் பீர் என்ற பெயரில் 'பீர்' இருப்பதைக் கண்டு நம்மவர்கள் தயங்குவது இயல்பே. ஆனால் ஹையர்ஸ் மதுவிலக்கு இயக்கத்தின் ஆதரவாளர். மதுக்கடைக்குப் போகும் தொழிலாளிக்கு மாற்றாக ஒரு பானம் தர வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் சோடாக் கடைகள் செழித்ததும் இந்தக் காரணத்தாலேயே. அந்தப் பானத்தின் சுவைக்கு அடிப்படையாக இருந்தவை சாசஃப்ராஸ், சார்சபரில்லா போன்ற வேர்கள். நம் நன்னாரிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'இந்தியச் சார்சபரில்லா'. தாவர இயல்படி இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். எனினும் மணமும் பயன்பாடும் அவர்களை அப்படி அழைக்கத் தூண்டின. கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடையில் கட்டுக்கட்டாகத் தொங்கும் அந்த மெல்லிய வேரை மோந்து பார்த்தவர்களுக்கு, ரூட் பீர் முதல் மிடற்றிலேயே பழகிய சுவையாகப் படும்.

பெயர் அல்ல, போதையே அளவுகோல் என்பதை நம் மார்க்கம் முன்பே தெளிவாக்கியிருக்கிறது. பேரீச்சையையோ உலர்திராட்சையையோ நீரில் ஊறவைத்த நபீத் என்னும் பானத்தை நபி (ஸல்) அவர்கள் அருந்தியதும், மூன்று நாளைக்கு மேல் ஆனால் அதைத் தவிர்த்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. நம் கிராமத்து மக்களுக்கு இந்த நுட்பம் ஏட்டில் படித்து வந்ததன்று. பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டுப் புளித்தால் கள். ஒரே பனை, ஒரே பாளை. இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பும் சில மணி நேரமும். சோடாவிலும் இதே வேறுபாடுதான். வாயுவை அழுத்தி ஏற்றிய சோடாவில் புளிப்பு இல்லை, மதுசாரமும் இல்லை. ஈஸ்டு போட்டுப் பல நாள் மூடிவைத்து வீட்டில் நுரைக்கவிடும் இஞ்சி பானமோ அப்படியல்ல. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளைப் பின்பற்றும் சகோதரிகள் இவ்விடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

இனி நம் பக்கத்து வரலாறு. குளிர்ந்த இனிப்பு பானமே நபி (ஸல்) அவர்களுக்கு மிக விருப்பமாக இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததாகத் திர்மிதியில் வருகிறது. ஹிஜ்ரி 160இல் அப்பாஸியக் கலீஃபா அல்மஹ்தீ ஹஜ்ஜுக்குச் சென்றபோது மக்காவரை அவருக்குப் பனிக்கட்டி கொண்டுசெல்லப்பட்டதை வரலாற்றாசிரியர்கள் வியப்போடு எழுதினார்கள். வெடியுப்பால் நீரைக் குளிர்விப்பதை அபுல் ஃபஸ்ல் ஆயினே அக்பரியில் விவரிக்கிறார். அக்பர் லாகூரில் தங்கிய காலத்தில், 1586 முதல், வடக்கு மலைகளிலிருந்து பனி வந்தது. இவையெல்லாம் அரசர்களின் கோப்பைகள். காவிரிக் கரைக் குடியானவனுக்கு அதில் ஒரு துளியும் கிட்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவனுக்குக் கிட்டியவை இரண்டு சொற்கள். அரபியில் 'ஷரிப' என்றால் குடித்தான். அதிலிருந்து பிறந்த ஷர்பத் நம்மிடம் சர்பத் ஆயிற்று; மேற்கே சென்று 'சார்பே' என்னும் உறைபனி இனிப்பாயிற்று. 'ஷராப்' என்பதோ ஐரோப்பா சுற்றி 'சிரப்' ஆகத் திரும்பி வந்தது. மற்றொன்று பன்னீர். அதன் பெயர் தூய தமிழ்: பனிநீர். ஆனால் ரோஜாவை வாலையிலிட்டு வடிக்கும் கலையை வளர்த்தவர்கள் அரபு, பாரசீக வேதியியலார். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தீ நறுமணங்களை வடிப்பது பற்றித் தனி நூலே எழுதினார். பாரசீகத்துப் பன்னீர் கடல்வழியே பல நாடுகளுக்கும் சென்றது. நாகூர் முதல் அதிராம்பட்டினம் வரை நம் திருமணப் பந்தல்களிலும் மவ்லிது சபைகளிலும் பன்னீர்ச் செம்பு தூவிய அந்த மணம், பின்னாளில் சோடாப் புட்டிக்குள் புகுந்து பன்னீர் சோடா ஆயிற்று.

பனிக்கட்டி மட்டும் கடைசியாக வந்தது. 1833 செப்டம்பரில் 'டஸ்கனி' என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஏரிப் பனிக்கட்டியைக் கொண்டுவந்தது. புறப்பட்டது ஏறத்தாழ 180 டன். வழியில் கரைந்தது போக வந்து சேர்ந்தது 100 டன் அளவில். அவ்வணிகத்தை நடத்திய ஃபிரெடரிக் டியூடர் 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. அந்தப் பனிக்கட்டி வெள்ளைக்காரர்களுக்கும் செல்வர்களுக்குமே ஆனது. 1874இல் சென்னையில் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் நிறுவனம் தொடங்கியபின் ஏரிப் பனிக்கட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் இடையே 1861இலேயே இரயில் ஓடத் தொடங்கியிருந்தாலும், மரத்தூளும் சாக்கும் சுற்றிய பனிக்கட்டிப் பாளம் நம் சிற்றூர்ச் சர்பத் கடைக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

அதற்கு முன்பே சோடா வந்துவிட்டது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் உருவாக்கிய கோலிப் புட்டி, பிறந்த நாட்டில் மறைந்த பின்னும் நம் ஊர்களில் வாழ்ந்தது. உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி இரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவிடும்; தக்கையும் வேண்டாம், உலோக மூடியும் வேண்டாம். கழுவிக் கழுவி நிரப்பலாம். சிறு முதலில் ஒரு குடும்பம் நடத்தக்கூடிய தொழில் அது. 'சோடா, கலர்' என்ற சொற்கள் நம் பேச்சில் ஊன்றியது அவ்வாறே. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் போன்ற உள்ளூர் நிறுவனங்களும் தழைத்தன. 1977இல் கோக்கக் கோலா இந்தியாவை விட்டு வெளியேறியதும், 1993இல் அது திரும்பி வந்ததும் இக்கதையின் பிற்பகுதி. அந்த வரவுக்குப்பின் ஊர்ச் சோடாக் கடைகள் எத்தனை மூடின என்று கணக்கெடுத்தவர் இல்லை. நம் கடைத்தெருக்களைப் பார்த்தாலே தெரியும்.

சோடாவையும் பாலையும் சேர்த்தது யார்? இதற்கு நாம் கடல் கடக்க வேண்டும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை, அதிராம்பட்டினம் எனப் பல ஊர்களின் ஆண்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அங்கே தமிழ் முஸ்லிம்களின் 'மாமாக்' கடைகளில் இன்றும் விற்கப்படும் ஒரு பானம் 'பண்டோங்'. ரோஜாச் சர்பத்தில் டின் பாலைக் கலந்தது. அதில் சோடாவை ஊற்றினால் 'சோடா பண்டோங்'. மலாய் மொழியில் பண்டோங் என்றால் இணைந்தது என்று பொருள். சீவிய பனிக்கட்டிமேல் பாகு ஊற்றும் 'ஐஸ் கச்சாங்' அதற்கு அடுத்த கடை. விடுமுறைக்கு ஊர் வந்த அத்தாமார்களின் பெட்டியில் கைலியும் தைலமும் மட்டுமா வந்தன? சுவையும் வந்தது. நம் இஃப்தார் தட்டில் அசையாத இடம் பிடித்த கடல்பாசிக்கு உலகம் வழங்கும் 'அகர் அகர்' என்ற பெயரும் மலாய்ச் சொல்லே.

கடல்பாசியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் பயன்படும் ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுக்கப்படுவது. எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்று தெரியாமல் நாம் தொட முடியாது. கடல்பாசியோ கடற்செடி. அதற்கும் மேலாக, ஜெலட்டின் நம் கோடையின் சூட்டிலேயே இளகிவிடும். கடல்பாசி ஒருமுறை இறுகினால் ஏறத்தாழ 85 பாகை செல்சியஸ்வரை உருகாது. குளிர்பெட்டி இல்லாத காலத்திலும் அஸருக்குக் காய்ச்சி ஊற்றினால் மஃரிபுக்குள் வெட்டிப் பரிமாறும்படி இருந்தது. நம் பாட்டிமார்கள் அதைத் தேர்ந்ததில் பேணுதலும் அறிவியலும் ஒன்றாகவே இருந்தன.

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜிகர்தண்டாவையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். பால், பாதாம் பிசின், நன்னாரிச் சர்பத், மேலே ஐஸ்கிரீம். பெயர் இந்துஸ்தானி, வேர் தமிழ்நாட்டுடையது. சோடா ஒன்றுதான் இல்லை. மற்றபடி ஃப்ளோட்டுக்கு உடன்பிறப்பு. ஆகவே வீட்டில் நன்னாரி சோடாவின்மேல் ஐஸ்கிரீம் மிதக்கவிடும் பிள்ளை எவரையும் காப்பியடிக்கவில்லை. அறிந்தோ அறியாமலோ பல கடல்களில் பிரிந்து போனவற்றைச் சேர்த்து வைக்கிறது.

அதை உறைய வைக்க விரும்புவோருக்குச் செய்முறை. நூறு கிராம் நன்னாரி வேரைக் கழுவி, நடு நரம்பை நீக்கி இடித்து, ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு முழுவதும் மூடி வையுங்கள். காலையில் வடிகட்டி ஒரு கிலோ சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டு ஆறவிட்டால் சர்பத் ஆயத்தம். ஒரு லிட்டர் பாலைப் பாதியாக வற்றக் காய்ச்சிச் சர்க்கரையும் ஏலமும் சேர்த்துக் குளிர்விக்க வேண்டும். வெனிலாச் சாறு வேண்டுமென்றால் புட்டியின் குறிப்பைப் படியுங்கள்; அதில் மதுசாரமே கரைப்பானாக இருப்பதுண்டு, அமெரிக்க விதிப்படி 35 விழுக்காட்டுக்குக் குறையாமல். ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஏலம் இருக்க நமக்கு அது தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

அச்சில் ஒரு பங்கு சர்பத்துக்கு மூன்று பங்கு குளிர்ந்த சோடா, முக்கால் அளவுக்கு மட்டும். சோடா உறையும்போது வாயு பெரும்பாலும் வெளியேறிவிடும். நாக்கில் குத்தும் சுருக்கு இருக்காது, ஆனால் சிறு குமிழ்களால் பனி மென்மையாக நொறுங்கும். சர்பத் மிகுந்தால் உறையவே உறையாது. ஒன்றரை மணி நேரத்தில் பாதி இறுகியதும் மேலே வற்றிய பாலை ஊற்றிக் குச்சி செருகி, இரவு முழுவதும் வையுங்கள். பன்னீர்ச் சுவைக்கு இதே அளவு ரோஜாப் பாகு; நிறத்துக்குப் பீட்ரூட் சாறு அரைக் கரண்டி போதும். மூடிய சோடாப் புட்டியை மட்டும் உறைபெட்டியில் வைக்கவே வேண்டாம். நீர் உறையும்போது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரியும், கண்ணாடி வெடித்துவிடும்.

மரவாளியில் கடைந்து பார்க்க ஆசையுள்ளவர்கள் மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்புப் போட்டால் வெப்பம் சுழியத்துக்குக் கீழே நன்றாக இறங்கும். 1930 ஏப்ரலில் இராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம் வழியாக நடந்து சென்று அள்ளிய வேதாரண்யத்து உப்பு நம் கடைகளிலேயே கிடைக்கிறது. பனிக்கட்டியைப் பொறுத்தவரை, மீன் ஏற்றும் பாளத்தைக் குழந்தைகளின் கோப்பையில் உடைத்துப் போடாதீர்கள். வாளியின் வெளிப்புறத்துக்கு அது போதும். உள்ளே போவது காய்ச்சி ஆறிய நீரில் வீட்டில் உறைந்ததாக இருக்கட்டும்.